டிராக்டர் டயருக்குள் தண்ணீர் எதற்கு?

பழைய டிராக்டர் ஒன்றை முதன்முதலாக வாங்கிய நேரம். பின் டயரில் காற்று சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று வால்வு மூடியைக் கழற்றி ஊசியை அழுத்தினேன். காற்றுக்குப் பதில் தண்ணீர் பீய்ச்சி முகத்தில் அடித்தது. துரு வாடை வேறு. எங்கோ ஓட்டை விழுந்து மழைத்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, விற்றவர் நம் தலையில் கட்டிவிட்டார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது தானாகப் போன தண்ணீர் இல்லை. யாரோ வேலை மெனக்கெட்டு ஊற்றி வைத்தது. டயருக்கு நூற்றெண்பது லிட்டர் வீதம்.

காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீரை ஏன் ஊற்றுகிறார்கள்? எல்லா டிராக்டருக்கும் ஊற்ற வேண்டுமா? ஊற்றினால் என்ன கெடும்? புதிதாக டிராக்டர் பிடிப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவைதான்.

எடைதான் பிடிமானம்

எஞ்சின் எவ்வளவு குதிரைத்திறன் கொண்டதாக இருந்தாலும், அந்தச் சக்தி மண்ணுக்குப் போவது டயர் தரையைத் தொடும் அந்தச் சின்ன இடத்தின் வழியாகத்தான். டயர் மண்ணைப் பின்னால் தள்ளுகிறது, மண் அதைத் தாங்கிக்கொண்டால் டிராக்டர் முன்னால் போகிறது. மண் தாங்காமல் உடைந்து நகர்ந்துவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். எஞ்சின் கத்தும், டீசல் தீரும், கலப்பை ஒரு அடி நகராது.

மண் எவ்வளவு தாங்கும் என்பது பெரும்பாலும் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது. ஓரளவு கெட்டியான நிலத்தில், ஓடும் சக்கரங்களின் மேல் இருக்கும் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான அளவுக்கு டிராக்டர் இழுக்கும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். புழுதி மண்ணில் அது இன்னும் குறையும். ஆக, பின் சக்கரங்களில் 360 கிலோ கூட்டினால் இழுவையில் நூற்றைம்பது கிலோ அளவுக்குக் கூடும். அதே எஞ்சின், அதே கியர், எடை மட்டும்தான் வேறு.

இப்படிக் கூட்டுகிற எடைக்குத்தான் பேலஸ்ட் என்று பெயர். சக்கரத்தில் போல்ட் போட்டு மாட்டும் வட்டமான இரும்பு வெயிட், முன்பக்கம் பம்பரில் தொங்கவிடும் வெயிட், டயருக்குள் ஊற்றும் தண்ணீர், எல்லாமே பேலஸ்ட்தான். தண்ணீரை அதிகம் பேர் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் எளிது. இரும்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். டயருக்குள் இருக்கும் வெற்றிடம் ஏற்கெனவே நம்முடையது. தண்ணீர் கிணற்றில் இருக்கிறது.

முதலில் நழுவலை அளந்து பாருங்கள்

பலரும் தப்புப் பண்ணுவது இங்கேதான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஊற்றினார் என்று தாங்களும் ஊற்றுகிறார்கள். எடை கூட்டுவதற்கு முன் நம் டிராக்டர் உண்மையில் எவ்வளவு நழுவுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு சாக்கட்டி, இரண்டு குச்சி, கூட ஒரு ஆள் போதும்.

பின் டயரின் பக்கவாட்டில் சாக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையை வழக்கமான ஆழத்தில் இறக்கி, வழக்கமான கியரில் ஓட்டுங்கள். கோடு நேர் கீழே வரும்போது கூட நடக்கும் ஆள் ஒரு குச்சி நடட்டும். டயர் சரியாகப் பத்து சுற்று முடித்ததும் இன்னொரு குச்சி. இப்போது கலப்பையைத் தூக்கிவிட்டு, அதே இரண்டு குச்சிகளுக்கு நடுவில் திரும்ப ஓட்டிச் சுற்றுகளை எண்ணுங்கள். சுமை இல்லாதபோது சக்கரம் நழுவாது என்பதால் சுற்று குறையும். பத்துக்குப் பதில் ஒன்பது வந்தால் நழுவல் 10 சதவீதம். எட்டரை வந்தால் 15. எட்டு வந்தால் 20.

உழவு நிலத்தில் 8 முதல் 15 சதவீதம் வரை நழுவுவது ஆரோக்கியமான அளவு. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் இந்த வரம்பின் கீழ்ப்பாதியிலும், பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில் மேல்பாதியிலும் இருக்கும். 20-ஐத் தாண்டினால் எடை போதவில்லை என்று பொருள். டயரில் துருத்தி நிற்கும் பட்டன் தேய்வதும் டீசல் வீணாவதும் அங்கேதான். ஆனால் 5 சதவீதத்துக்கும் கீழே வந்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. வண்டி தேவைக்கு மேல் கனமாக இருக்கிறது. அந்தக் கனத்தை நாள் முழுக்கச் சுமந்து திரிவதற்கும் டீசல்தான் செலவாகிறது.

கொஞ்சமும் நழுவக் கூடாது என்றுதான் ஆரம்பத்தில் எல்லோருக்கும் தோன்றும். மண்ணில் ஓடும் சக்கரத்துக்கு அது நடக்காது, நடக்கவும் கூடாது. நழுவல் வீட்டில் இருக்கும் ஃபியூஸ் மாதிரி. கலப்பை ஒரு பாறையிலோ வேரிலோ சிக்கும்போது சக்கரம் நழுவிக் கொடுத்தால் கியர்பாக்ஸும் ஆக்சிலும் தப்பிக்கும். எடையை ஏற்றி ஏற்றி நழுவவே விடாமல் செய்துவிட்டால், அந்த அதிர்ச்சி முழுவதும் பல்சக்கரங்களுக்குத்தான் போகும்.

எண்ணுவதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி, டயர் போன தடத்தைப் பார்ப்பது. பட்டன் அச்சு வெட்டி எடுத்த மாதிரி தெளிவாகப் பதிந்திருந்தால் எடை அதிகம். அச்சே தெரியாமல் மண் அரைபட்டுக் கிடந்தால் எடை குறைவு. பட்டன் பதிந்த ஓரம் தெரிந்து, இடையில் இருக்கும் மண் மட்டும் கொஞ்சம் உடைந்து கலைந்திருந்தால் சரியான எடை.

எவ்வளவு ஊற்றலாம்

டயரை முழுக்க நிரப்பக் கூடாது. முக்கால் பங்கு, அதாவது 75 சதவீதம்தான் வழக்கமான உச்ச அளவு. இந்த முக்காலை அளக்கத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. வால்வு உச்சியில், கடிகாரத்தின் 12 மணி இடத்தில் நிற்கும்படி சக்கரத்தை நிறுத்தி, தண்ணீர் வால்வு மட்டத்துக்கு வரும்வரை ஊற்றினால் கிட்டத்தட்ட முக்கால் பங்கு நிரம்பியிருக்கும். அதற்கு மேல் இருக்கும் வளைவில் மிஞ்சுவது கால் பங்கு காற்று.

அந்தக் கால் பங்கு ஏன் முக்கியம் என்று கொஞ்சம் நின்று பார்ப்போம். 13.6-28 அளவு டயரை எடுத்துக்கொள்ளுங்கள். 13.6 என்பது டயரின் அகலம், 28 என்பது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். இதில் முக்கால் பங்கு என்பது சுமார் 180 லிட்டர் பிடிக்கும். ஆக உள்ளே மொத்த இடம் 240 லிட்டர். சக்கரம் ஒரு வரப்பின் மேல் ஏறி டயர் நசுங்கும்போது உள்ளே 6 லிட்டர் இடம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். டயர் முழுக்கக் காற்று என்றால் 240 லிட்டர் காற்று 6 லிட்டர் சுருங்கினால் போதும், பெரிதாக ஒன்றும் தெரியாது. தண்ணீர் ஊற்றிய டயரில் காற்று 60 லிட்டர்தான். தண்ணீர் சுருங்காது. அந்த 6 லிட்டரையும் 60 லிட்டர் காற்றே ஏற்றுக்கொள்ள வேண்டும். அதாவது நாலு மடங்கு விறைப்பு. ஓட்டுகிறவர் முதுகுக்கு இது உடனே தெரிந்துவிடும். முழுக்க நிரப்பினால் மெத்தையாக இருக்க ஒரு துளி காற்றும் இருக்காது. கல்லில் ஏறினால் அடி நேராக டயர் நூலுக்கும் ரிம்முக்கும்தான்.

ரேடியல் டயர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ரேடியலின் பலமே அதன் பக்கச்சுவர் நன்றாக வளைந்து கொடுத்து, தரையை நீளமாகப் பிடிப்பதில்தான் இருக்கிறது. உள்ளே தண்ணீரை அடைத்து அதை விறைக்க வைத்தால், கூடுதல் விலை கொடுத்து ரேடியல் வாங்கியதன் பயன் பாதி போய்விடும். அதனால் ரேடியலில் ஊற்றினாலும் 40 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. வால்வை 4 மணி அல்லது 8 மணி இடத்தில் நிறுத்தி அந்த மட்டம் வரை ஊற்றுவார்கள். என்னைக் கேட்டால் ரேடியலுக்கு இரும்பு வெயிட்தான் நல்லது.

ஒரே ஆக்சிலில் இருக்கும் இரண்டு டயரிலும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எதை ஊற்றுவது

குளிரில் தண்ணீர் உறையாத ஊரில் வெறும் தண்ணீரே போதும். லிட்டருக்கு ஒரு கிலோ. கணக்குப் பார்ப்பதும் சுலபம். 13.6-28 டயர் இரண்டுக்கும் சேர்த்து 360 கிலோ வருவது இப்படித்தான்.

பனி உறையும் நாடுகளில் வெறும் தண்ணீர் ஆகாது. உறையும்போது தண்ணீர் 9 சதவீதம் அளவுக்கு விரியும். அதைவிட மோசம், டயருக்குள் ஒரு பக்கமாகப் பனிக்கட்டி உறைந்து கிடக்க, தெரியாமல் வண்டியை எடுத்தால் ட்யூப் கிழிந்துவிடும். அங்கே காலம் காலமாகப் பயன்படுத்துவது கால்சியம் குளோரைடு என்னும் உப்பு. லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் வீதம் கரைத்தால் மைனஸ் 20 டிகிரியிலும் உறையாது. கூடவே கரைசலின் எடை லிட்டருக்குச் சுமார் 1.2 கிலோவாக ஏறும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்றுதான் தோன்றும். ஆனால் இந்த உப்புக்கு இரும்பு என்றால் உயிர். ஒரு சொட்டு கசிந்தாலும் ரிம்மை அரித்துச் சல்லடையாக்கிவிடும். டயர் ட்யூப்லெஸ்ஸாக இருந்தாலும் உப்புக் கரைசல் ஊற்றும்போது உள்ளே ட்யூப் போட்டுத்தான் ஊற்ற வேண்டும். வயலில் கொட்டினால் கொட்டின இடத்தில் பயிர் கருகும். கரைக்கும் முறையிலும் ஒரு எச்சரிக்கை: உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் போட வேண்டும், உப்பின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. இது கரையும்போது நன்றாகச் சூடேறும். கை, கண் பத்திரம்.

வேறு வழிகளும் உண்டு. சர்க்கரைப் பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகு லிட்டருக்கு 1.3 கிலோ கனம், துருப் பிடிக்க வைக்காது, உறையாது, விலைதான் கூடுதல். காருக்கு ஊற்றும் கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்காலும் உறையாது, ஆனால் அது விஷம். இனிப்பாக இருப்பதால் நாயும் மாடும் நக்கிக் குடித்துச் செத்துப்போகும். மெத்தனால் தீப்பிடிக்கும். அதுவும் போக, தண்ணீரைவிட லேசு. எடைக்காக ஊற்றும் இடத்தில் லேசானதை ஊற்றுவது எந்தக் கணக்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஊற்றும் விதம்

டிராக்டர் டயர் வால்வைச் சாதாரண வண்டி வால்வு மாதிரி நினைக்க வேண்டாம். பெரும்பாலான டிராக்டர் வால்வுகளில் உள்ளே இருக்கும் ஊசியோடு, அதைத் தாங்கும் உட்கூட்டையும் திருகிக் கழற்றலாம். அப்போது தண்ணீர் போகும் அளவுக்குத் துளை பெரிதாகும். தண்ணீர் ஊற்றுவதற்காகவே செய்த வால்வு அது.

சமதரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, ஊற்றப்போகும் சக்கரத்தை ஜாக்கியால் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஆக்சிலுக்கு அடியில் கனமான முட்டும் கொடுங்கள். வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து ஊசியைக் கழற்றிக் காற்றை விடுங்கள். டயர் தரையில் அழுந்தி நிற்கும்போது காற்றை விட்டால் டயர் ரிம்மிலிருந்து நழுவ வாய்ப்பு உண்டு. அதனால்தான் முதலில் தூக்கச் சொல்கிறேன்.

வால்வில் மாட்டுவதற்கென்று ஒரு அடாப்டர் கிடைக்கும். ஒரு பக்கம் தண்ணீர்க் குழாய், இன்னொரு பக்கம் காற்றை வெளியேற்றும் சின்னப் பொத்தான். சின்ன பம்ப் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். இல்லாவிட்டால் டிரம்மை உயரத்தில் வைத்து அதன் ஓட்டத்திலேயே இறக்கலாம், ஆனால் டயருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். உள்ளே போகும் தண்ணீர் அளவுக்குக் காற்று வெளியே வந்தாக வேண்டும். பொத்தானை அவ்வப்போது அழுத்திக்கொண்டே இருக்காவிட்டால், சற்று நேரத்தில் தண்ணீர் அப்படியே நின்றுவிடும். குழாய் அடைத்துக்கொண்டது என்று நினைத்துக் குழாயைக் கழற்றுகிறவர்களுக்குக் குளியல் நிச்சயம்.

வால்வு வழியாகத் தண்ணீர் திரும்பி வழிய ஆரம்பித்தால் மட்டம் வந்துவிட்டது. அடாப்டரைக் கழற்றி, ஊசியைப் போட்டு, கம்ப்ரசரால் காற்றடியுங்கள். பழையபடி என்ன பிஎஸ்ஐ வைத்திருந்தீர்களோ, அதே அளவு.

காற்றழுத்தம் பார்க்கும்போது வால்வு உச்சியில் இருக்கட்டும். கீழே இருந்தால் மேலே நிற்கும் தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து, இந்த அளவு டயரில் 1 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். பன்னிரண்டு, பதினான்கு பிஎஸ்ஐயில் ஓடும் டயருக்கு அது சின்ன வித்தியாசம் இல்லை. அழுத்தம் பார்க்கும் சாதாரண கேஜில் தண்ணீர் புகுந்தால் பாழாகும். தண்ணீர் டயருக்கென்றே கேஜ் விற்கிறது, பார்த்து முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசி வைத்தால் நாள் வரும். இன்னொன்று: உள்ளே காற்று கால் பங்குதான் என்பதால், கொஞ்சம் கசிந்தாலும் அழுத்தம் மளமளவென்று இறங்கும். முன்பு மாதம் ஒருமுறை பார்த்தவர்கள் இனி வாரம் ஒருமுறையாவது பார்ப்பது நல்லது.

தண்ணீர் செய்யாத வேலைகள்

பின் டயரில் தண்ணீர் ஊற்றினால் டிராக்டர் முன்னால் தூக்காது என்று சிலர் நம்புகிறார்கள். இது ஆபத்தான நம்பிக்கை. முன்பக்கம் தூக்கும்போது வண்டி சுழல்வது பின் ஆக்சிலைச் சுற்றித்தான். அந்த ஆக்சிலிலேயே இருக்கும் எடை அதை எப்படி அமுக்கும்? உண்மையில் நிலைமை தலைகீழ். முன்பு சக்கரம் நழுவிக் கொடுத்ததால் தப்பித்த வண்டி, இப்போது பிடிமானம் கூடியதால் நழுவாமல் மூக்கைத் தூக்கும். முன்பக்கம் தூக்குவதற்கு மருந்து முன்பக்க வெயிட்தான்.

முன்னால் மண் அள்ளும் லோடர் பக்கெட் மாட்டியிருப்பவர்களுக்குப் பின் டயர்த் தண்ணீர் உதவும், பின்பக்கம் எழும்பாமல் பிடிக்கும். ஆனால் முன் ஆக்சிலின் சுமையை அது குறைக்காது. அதைக் குறைக்க பின் ஆக்சிலையும் தாண்டிப் பின்னால், கலப்பை மாட்டும் மூன்று புள்ளி இணைப்பில் ஒரு கனத்தைத் தொங்கவிட வேண்டும். அப்போதுதான் கிணற்று ஏற்றத்தின் மறுமுனை மாதிரி முன்பக்கம் லேசாகும்.

ரோட்டவேட்டர் மட்டுமே ஓட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் தேவையே இல்லை என்பேன். அதன் கத்திகள் சக்கரம் சுற்றும் திசையிலேயே சுற்றி வண்டியை முன்னால் தள்ளிவிடுகின்றன. இழுக்க வேண்டிய வேலையே அங்கே குறைவு. சேற்று உழவுக்கும் அப்படித்தான். சேற்றில் எடை என்றால் புதைவது. அங்கே இரும்புக் கூண்டு மாதிரி இருக்கும் கேஜ் வீல்தான் கைகொடுக்கும். கொத்துக் கலப்பை, சட்டிக் கலப்பை, பாரம் ஏற்றிய டிரெய்லரை மேட்டில் இழுப்பது, இவைதான் தண்ணீருக்கு உரிய வேலைகள். சரிவான நிலத்தில் ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு நன்மை உண்டு. தண்ணீர் எப்போதும் சக்கரத்தின் அடியிலேயே தங்குவதால் வண்டியின் கனம் தாழ்வாக இருக்கும், சாயும் பயம் கொஞ்சம் குறையும்.

ரோட்டில் வேகமாகப் போகும்போது மட்டும் உள்ளே தண்ணீர் அலைமோதுவது தெரியும். பிரேக் பிடித்தபின் முன்னே ஒரு தள்ளு தள்ளும். முதல் வாரம் நிதானமாக ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.

எடை கூடிய டயர் நிலத்தை இறுக்கும் என்பதும் உண்டு. மேல் மண் இறுகினால் அடுத்த உழவில் உடைக்கலாம், கலப்பைக்கும் கீழே இறுகினால் வேர் இறங்காது. இரும்பு வெயிட் என்றால் கனமான உழவு முடிந்ததும் கழற்றி ஓரமாக வைத்துவிடலாம். தண்ணீர் அப்படி இல்லை. ஊற்றவே அரைநாள் ஆனதால், ஒருமுறை ஊற்றியவர்கள் வருடக் கணக்கில் அதை எடுப்பதில்லை. விதைக்கப் போகும்போதும் மருந்தடிக்கப் போகும்போதும் அந்த 360 கிலோவும் கூடவே வரும். வருடத்தில் பத்து நாள்தான் கனமான உழவு என்றால் இரும்பையே வாங்கிவிடலாம்.

பஞ்சர் ஆனால்

தண்ணீர் டயரில் முள் ஏறினால் முதலில் தெரிவது ஈரம்தான். மேலே குத்தினால் காற்று, கீழே குத்தினால் தண்ணீர். முள் ஏறிய இடத்தை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் தண்ணீர் போவதாவது நிற்கும்.

கழற்றுவதற்கு முன் தண்ணீரை வெளியேற்றியாக வேண்டும். வால்வைக் கீழே கொண்டுவந்து திறந்தால் பெரும்பகுதி தானாக வந்துவிடும், உள்ளே காற்றழுத்தம் இருந்தால் வேகமாகவே பீய்ச்சும், எட்டி நில்லுங்கள். ரிம் மட்டத்துக்குக் கீழே டயரின் அடியில் தேங்குவது மட்டும் அப்படி வராது. அதை மெல்லிய குழாய் விட்டு உறிஞ்ச வேண்டும். இதைச் செய்யாமல் சக்கரத்தைக் கழற்றக் கூடாது. ரிம், டயர், தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் முந்நூறு கிலோவை நெருங்கும். நிற்க வைத்த சக்கரம் ஆள் பக்கம் சாய்ந்தால் பிடித்து நிறுத்த எந்த மனிதனாலும் முடியாது, சாயும்போது உள்ளே தண்ணீரும் அந்தப் பக்கமே ஓடி இன்னும் வேகமாகத் தள்ளும்.

பஞ்சர் போட வருபவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே பார்த்துத் தெரியாது. நான் இப்போது செய்வது இதுதான்: ரிம்மின் உள்பக்கம், வால்வுக்குப் பக்கத்தில், வெள்ளைப் பெயின்டால் ‘தண்ணீர்’ என்று எழுதி, ஊற்றிய மாதமும் வருடமும் போட்டிருக்கிறேன். உப்புக் கரைசல் ஊற்றியவர்கள் ‘உப்பு’ என்று எழுதுங்கள். வண்டியை விற்கும்போதும் அந்த எழுத்தை அழிக்க வேண்டாம், அடுத்து வாங்குகிறவர் ஊசியை அழுத்தும்போது முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வார்.